பசிக்கும் முன்பே சாப்பிடுங்கள்! பிரான்ஸ் ஆற்றங்கரையில் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களுக்கு ஒரு பாடம்

'பசித்துப் புசி' என்பது நம் வீட்டுப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வார்த்தை. சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த நாளிலிருந்து இன்றுவரை நானும் என்னிடம் வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லி வருகிறேன். முன்பு உண்டது செரித்ததா, நன்றாகப் பசிக்கிறதா என்று பார்த்துத்தான் அடுத்த வேளை உண்ண வேண்டும் என்று வள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தில் சொல்லி வைத்திருக்கிறார்.

அப்படிப்பட்ட நானே இந்த இதழில், "பசி வரும்வரை காத்திருக்காதீங்க, அதுக்கு முன்னாடியே சாப்பிட்டுடுங்க" என்று சொல்லப்போகிறேன். "என்ன டாக்டர், ப்ளேட்டை மாத்திப் போடறீங்களே!" என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இது வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்லும் யோசனை அல்ல. பிரான்ஸ் நாட்டின் கிராமப்புறத்தில், ஆற்றங்கரை ஓரமாக நாள் முழுக்கச் சைக்கிள் மிதிக்கப் போகிறவர்களுக்கான பாடம்.

நம் ஊருக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் யாராவது ஒருவர் பிரான்ஸில் இருப்பார். இப்போது மற்ற ஊர்ப் பிள்ளைகளும் படிப்பு, வேலை என்று அங்கே போகிறார்கள். விடுமுறைக்குப் போகும் அப்பா அம்மாவை, "வாங்கப்பா, நாலு நாள் சைக்கிள்ல சுத்திட்டு வரலாம்" என்று பிள்ளைகள் அழைக்கிறார்கள். 55 வயது அப்பாவும் உற்சாகமாகத் தலையாட்டிவிடுகிறார். நல்ல விஷயம்தான். ஆனால் போகும் முன் சிலவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

லுவார் நதி ஓரமாக...

பிரான்ஸின் மிக நீளமான நதி லுவார். நாட்டின் தென்பகுதி மலைகளில் பிறந்து, வடக்கே ஓடி, ஓர்லியான் நகரத்துக்கு அருகே மேற்கே திரும்பி, அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. நீளம் சுமார் 1,000 கிலோமீட்டர். இந்த நதியை ஒட்டி, நெவேர் நகரத்துப் பக்கத்திலிருந்து கடல்வரை ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பயணிகளுக்கென்றே வழி அமைத்து, வழியெங்கும் அடையாளப் பலகை வைத்திருக்கிறார்கள். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல்வரை போகும் 'யூரோவெலோ 6' என்ற நெடும்பாதையில் இதுவும் ஒரு பகுதி.

ஆற்றங்கரை என்பதால் பாதை பெரும்பாலும் சமதளம். ஒரு பக்கம் மணல் திட்டுகளோடு அகலமாக ஓடும் நதி. மறுபக்கம் திராட்சைத் தோட்டம், வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லில் கட்டிய வீடுகள், கூர்க்கோபுரத்துடன் மாதா கோயில். சோமூர் நகரத்துப் பக்கம் பாறையைக் குடைந்தே வீடு கட்டியிருக்கிறார்கள். பழைய கல் குவாரிக் குகைகளில் காளான் வளர்க்கிறார்கள். புளுவா நகரத்திலிருந்து அம்புவாஸ் போக சுமார் 40 கிலோமீட்டர். ஓவியர் லியோனார்டோ டா வின்சி கடைசிக் காலத்தைக் கழித்து 1519இல் உயிர் துறந்தது இந்த அம்புவாஸில்தான். சுல்லி முதல் ஷலோன் வரையிலான லுவார் பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

படிக்கும்போதே கால் துறுதுறுக்கிறதா? சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம்.

பகல் 2 மணிக்கு மேல் பட்டினிதான்!

நம் ஊரில் பசித்தால் தெருமுனைக்குப் போனால் போதும். டீக்கடையும் பஜ்ஜியும் ராத்திரி 10 மணிவரை கிடைக்கும். பிரான்ஸ் கிராமம் அப்படி இல்லை. சாப்பாட்டுக் கடையில் மதியச் சாப்பாடு 12 மணியிலிருந்து 2 மணிவரை. அதற்குமேல் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள். ரொட்டிக்கடையும் மளிகைக்கடையும்கூட மதியத்தில் மூடிவிட்டுச் சாயங்காலம்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடைப்பது கடினம். பல ஊர்களில் திங்கட்கிழமையும் விடுமுறை. சின்னக் கிராமங்களில் கடையே இருக்காது.

இந்த ஊரில் "பசிக்கட்டும், பார்த்துக்கலாம்" என்று போகிறவர் கதி என்ன? காலையில் காபியும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். குளிர்ந்த காற்று, அழகான காட்சி, பசியே தெரியாது. 2.30 மணிக்குத் திடீரென்று கண் இருட்டும். அப்போது நிற்கிற கிராமத்தில் எல்லாக் கதவும் சாத்தியிருக்கும்.

சைக்கிள்காரர் வகுத்த விதி

இந்த ஆபத்தை நூறு வருடங்களுக்கு முன்பே நன்றாகப் புரிந்துகொண்டு எழுதியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பெயர் போல் த விவீ. 1853இல் பிறந்தவர். 'வெலோசியோ' என்ற புனைபெயரில்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். பட்டு வியாபாரத்தில் இருந்தவர், சைக்கிள் மேல் கொண்ட பிரியத்தால் செந்த் எத்தியென் நகரத்தில் சைக்கிள் கடை வைத்தார். 1887இல் சைக்கிளுக்கென்றே ஒரு பத்திரிகையும் தொடங்கினார். பந்தயத்துக்காக இல்லாமல், ஊர் பார்க்கவும் உடம்பு நன்றாக இருக்கவும் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஈஸ்டர் விடுமுறை வந்தால் நண்பர்களோடு மலை ஏறி இறங்கி, ரோன் நதிப் பள்ளத்தாக்கு வழியாகத் தெற்கே புரோவான்ஸ் வரை போய்விடுவார். ஆச்சரியமான விஷயம், அவர் சைவம்!

நெடுந்தூரம் மிதிப்பவர்களுக்கு அவர் ஏழு விதிகள் வகுத்தார். அவற்றில் முக்கியமானது, பசிக்கு முன்பே உணவு, தாகத்துக்கு முன்பே தண்ணீர். மற்றவற்றின் சாரம் இது: முதல் சில மணி நேரம் வேகம் காட்டாதே, சாப்பாடும் தூக்கமும் பிடிக்காத அளவுக்கு அலுப்பை ஏற்றிக்கொள்ளாதே, குளிரும் முன் போர்த்திக்கொள், புழுங்கும் முன் கழற்று, பயணத்தில் மது, மாமிசம், புகையிலை வேண்டாம், நீண்ட நேரம் உட்கார்ந்துவிடாதே, வீம்புக்காக மிதிக்காதே.

படித்ததும் எனக்கு நம் சித்த மருத்துவம் சொல்லும் 14 வேகங்கள்தான் நினைவுக்கு வந்தன. பசி, நீர்வேட்கை, இளைப்பு, நித்திரை எல்லாம் அந்தப் பதினான்கில் அடக்கம். இவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது நமக்குப் பாலபாடம். வெலோசியோவும் சுற்றி வளைத்து அதையேதான் சொல்கிறார்.

அப்படியானால் 'பசித்துப் புசி' என்பது பொய்யா?

பொய்யே இல்லை. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்பது புரியும்.

நாம் உண்ணும் அரிசி, கோதுமை எல்லாம் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கின்றன. மிச்சமாகும் சர்க்கரையின் ஒரு பகுதியை உடம்பு 'கிளைக்கோஜன்' என்ற பொருளாக்கிக் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். இதை வீட்டு அரிசிப் பானை என்று வைத்துக்கொள்ளுங்கள். தசையில் இருப்பதை அந்தத் தசை மட்டுமே எடுத்துக்கொள்ளும், வெளியே கடன் தராது. மூளைக்கும் மற்ற உறுப்புகளுக்கும் சர்க்கரை அனுப்புவது கல்லீரல்தான்.

நிதானமாகச் சைக்கிள் மிதித்தாலே மணிக்கு 350 முதல் 450 கலோரி வரை செலவாகும். 3 மணி நேரம் மிதித்தால், ஒரு நாள் சாப்பாட்டில் பாதிக்கு மேல் போய்விடும். கொழுப்பும் எரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் வேகம் கூடக் கூட, ஏற்றம் ஏற ஏற, தசை சர்க்கரையைத்தான் அதிகம் கேட்கும். ராத்திரி முழுக்கச் சாப்பிடாமல் தூங்கி எழுந்தவருக்குக் கல்லீரல் பானை ஏற்கெனவே பாதிக்கு மேல் காலி.

சரி, பானை காலியாகும்போது வயிறு 'பசிக்குது' என்று சொல்ல வேண்டாமா? இங்கேதான் சிக்கல்! உடம்பு கடுமையாக உழைக்கும்போது ரத்தம் தசைகளுக்கு ஓடுகிறது. பசியைத் தூண்டும் சுரப்பும் சற்று நேரம் அடங்கிவிடுகிறது. ஆகவே தசைக்குப் பசி வந்து ஒரு மணி நேரம் ஆன பிறகும் வயிறு பேசாமல் இருக்கும். உட்கார்ந்திருப்பவரின் பசி உண்மையைச் சொல்லும். சைக்கிள் மிதிப்பவரின் பசி தாமதமாகத்தான் வந்து சேரும். ஆகவே 'பசிக்கும் முன் உண்' என்றால், வயிறு பசிக்கும் முன் தசையின் பசியை அறிந்து உண் என்று பொருள். பெரியோர் வாக்குக்கு இதில் ஒரு பங்கமும் இல்லை.

அந்தத் தாமதப் பசிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஃப்ரேங்கால்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வந்தால் எப்படித் தெரியும்?

* நன்றாகப் போய்க்கொண்டிருந்த கால் திடீரென்று ஈயமாகக் கனக்கும்.
* குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், படபடப்பு.
* காரணமில்லாத எரிச்சல். மனைவி ஏதாவது கேட்டால் சள்ளென்று விழுவார்!
* வழிப்பலகையைப் பார்த்தும் புரியாது. எந்தப் பக்கம் திரும்புவது என்று குழம்பும்.

கடைசியில் சொன்னதுதான் ஆபத்தானது. பிரான்ஸில் வண்டிகள் சாலையின் வலது பக்கம் போகும். இடது பக்கம் ஓட்டிப் பழகிய நமக்கு, மூளை களைத்தால் பழைய பழக்கம் தலைதூக்கிவிடும். எதிரே கார் வரும்போது ஒரு நொடி குழம்பினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

எப்படிச் சாப்பிடுவது?

கிளம்புவதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு அளவாகச் சாப்பிடுங்கள். ரொட்டி, ஜாம், வாழைப்பழம், ஓட்ஸ் கஞ்சி எதுவானாலும் சரி. வெறும் காபியோடு கிளம்பாதீர்கள்.

சைக்கிளில் ஏறியபின் கடிகாரம்தான் உங்கள் வயிறு. 40 நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவது கொஞ்சம் வாயில் போட வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். நிதானமாகப் போகிறவர்களுக்கு 30 கிராமே தாராளம். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் சுமார் 25 கிராம் இருக்கிறது. 'பாகெட்' என்ற நீள ரொட்டியில் ஐந்தில் ஒரு பங்கும் கிட்டத்தட்ட அதே அளவு தரும். நாலைந்து சிறிய பேரீச்சம்பழமும் அப்படித்தான்.

ஊரிலிருந்து கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பனைவெல்லத் துண்டு எடுத்துப் போகலாம். கெடாது, பையில் அடங்கும். ஆனால் பால்கோவாவும் பேடாவும் வேண்டாம். பால், இறைச்சிப் பொருட்களை வெளிநாட்டிலிருந்து பயணிகள் கொண்டுவர ஐரோப்பிய யூனியன் நாடுகளில் தடை இருக்கிறது. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

மதியச் சாப்பாட்டை 12 மணிக்கே முடித்துவிடுங்கள். காலையில் ரொட்டிக்கடையைக் கடக்கும்போதே ஒரு பாகெட் வாங்கிச் சைக்கிள் பையில் செருகிக்கொள்வது புத்திசாலித்தனம். சைவக்காரர்கள் முட்டை சேர்த்துக்கொண்டால் ஆம்லெட் எங்கும் கிடைக்கும். அதுவும் வேண்டாம் என்றால் ஆட்டுப்பால் சீஸ், ரொட்டி, பழம். லுவார் நதியின் மேற்பகுதியில் உள்ள லு ப்வி என்ற ஊர், பச்சை நிற மைசூர்ப் பருப்பு போன்ற ஒரு பருப்புக்குப் பெயர் போனது. வேகவைத்து சாலடாகத் தருவார்கள். நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

பிரான்ஸ் என்றால் ஒயின் இல்லாமலா என்பார்கள். பகலில் சைக்கிள் மிதிக்கும்போது வேண்டவே வேண்டாம். மது, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கும். உடம்பிலிருந்து நீரையும் வெளியேற்றும். தவிர, குடித்துவிட்டு ஓட்டக்கூடாது என்ற சட்டம் அங்கே சைக்கிளுக்கும் உண்டு.

தாகம் சொல்லும்வரை...

நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைந்தால்தான் 'வியர்க்குது' என்கிறோம். அங்கே காற்று காய்ந்திருக்கும். போதாக்குறைக்குச் சைக்கிள் வேகமே விசிறி போல வேலை செய்யும். வியர்வை தோலில் நிற்காமல் ஆவியாகிவிடும். "வியர்க்கவே இல்லையே" என்று நினைப்பீர்கள். சட்டையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும்! வெயில் நாடு இல்லையே என்ற அலட்சியமும் கூடாது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் வெப்ப அலையில் பிரான்ஸில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். 2019 ஜூன் 28 அன்று தென் பிரான்ஸில் 46 டிகிரி செல்சியஸ் பதிவானது.

15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று மடக்கு. மணிக்கு அரை லிட்டர் என்பது சராசரிக் கணக்கு. கடும் வெயிலில் முக்கால் லிட்டர். நீண்ட நாளில் ஒரு பாட்டில் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பும், கொஞ்சம் சர்க்கரையும், எலுமிச்சைச் சாறும் கலந்துகொள்ளுங்கள். அதற்காக லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளாதீர்கள். ரத்தத்தில் உப்பு குறைந்து வேறு ஆபத்து வரும். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவைக் குறைத்திருப்பவர்கள் உங்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தக் கணக்கைப் பின்பற்றக் கூடாது.

கிராமத்தில் கடை மூடியிருந்தாலும் தண்ணீர் கிடைக்கும். மாதா கோயில் பக்கத்திலோ கல்லறைத் தோட்டத்திலோ குழாய் இருக்கும். கல்லறைத் தோட்டத்துக் குழாயில் பாட்டில் நிரப்புவது அங்கே சைக்கிள்காரர்களுக்குச் சகஜம். முகம் சுளிக்க வேண்டாம். ஆனால் குழாய்மேல் 'நோன் பொத்தாப்ள்' என்று எழுதியிருந்தால், அது குடிக்கத் தகாத நீர். கைகால் கழுவ மட்டும்.

சர்க்கரை நோயாளிகள் கவனிக்க!

இந்தக் கட்டுரையை நான் எழுத முக்கியக் காரணமே நீங்கள்தான். சைக்கிள் மிதிப்பது உங்களுக்கு நல்லது. உழைக்கும் தசை, இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ஆனால் இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிபென்கிளமைடு, கிளிமெபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், மருந்தும் தசையும் சேர்ந்து இழுக்கும்போது சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். சாயங்காலம் அறைக்கு வந்து படுத்த பிறகு, நடு ராத்திரியில்கூட இறங்கலாம்.

* ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே உங்கள் டாக்டரிடம் பயணத் திட்டத்தைச் சொல்லி, அந்த நாட்களுக்கான மருந்து அளவைக் கேட்டு வாங்குங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். "சித்த மருந்து சாப்பிடறேன், அது போதும்" என்று இன்சுலினை விட்டுவிடாதீர்கள். ஒரு சித்த மருத்துவனாக இதை அழுத்திச் சொல்கிறேன்.
* கிளம்பும் முன், வழியில் ஒருமுறை, படுக்கப்போகும் முன் சர்க்கரை பாருங்கள். கிளம்பும்போது 100க்குக் கீழே இருந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்.
* சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். நடுக்கம் வந்தால் உடனே இறங்கி, 3 டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் சாப்பிட்டு 15 நிமிடம் உட்காருங்கள். சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. பிறகு ரொட்டி, பிஸ்கட்.
* கூட வருபவருக்கு இதையெல்லாம் சொல்லி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 112க்கு போன் செய்ய வேண்டும்.

முழங்கால் நோகாமல் மிதிக்க...

சீட்டில் உட்கார்ந்து, மிதிகட்டை கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியை வைப்பதால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் சரியான உயரம். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் முன்பக்கம் வலி நிச்சயம்.

கியரை லேசாக வைத்துக்கொண்டு, நிமிடத்துக்கு 70, 80 சுற்று மிதியுங்கள். கனமான கியரில் அழுத்தி அழுத்தி மிதிப்பது வீரம் இல்லை. சைக்கிளுக்குக் கியர் வேண்டும் என்று அந்தக் காலத்தில் வாதாடியவரும் நம் வெலோசியோதான். தூர் த பிரான்ஸ் பந்தயத்தில் செயினை மாற்றும் கியருக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை. இருக்கிற கியரைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆற்றங்கரையை விட்டு மேட்டு ஊருக்குத் திரும்பினால் ஏற்றம் செங்குத்தாக வரும். இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தால் மானம் போய்விடாது. அந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். எனவே மேற்கிலிருந்து கிழக்கே போனால் காற்று முதுகைத் தள்ளிவிடும்.

முதல் நாள் 25, 30 கிலோமீட்டர் போதும். அப்புறம் 40, 45. ஊரிலேயே 6 வாரம் முன்பாகப் பழக்கம் தொடங்குங்கள். 45 வயதைத் தாண்டியவர்கள் இதயப் பரிசோதனை செய்துகொண்டு போவது நல்லது. ராத்திரி வெந்நீரில் குளித்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெயைத் தொடையிலும் ஆடுசதையிலும் நீவித் தேய்த்து, நேரத்தோடு படுங்கள். ஜூன் மாதத்தில் அங்கே இரவு 10 மணிவரை வெளிச்சம் இருக்கும். வெளிச்சம் இருக்கிறதே என்று தூக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

சாயங்காலம் அலுப்பு எந்த அளவு என்று தெரிய ஒரு சோதனை உண்டு. சாப்பாடு ருசிக்கிறதா? படுத்ததும் தூக்கம் வருகிறதா? இரண்டும் சரி என்றால் நாளைக்கும் அதே தூரம் போகலாம். சாப்பாடு பிடிக்கவில்லை, புரண்டு புரண்டு படுக்கிறோம் என்றால் நாளைய தூரத்தைப் பாதியாக்குங்கள். இல்லையா, சைக்கிளோடு ரயில் ஏறுங்கள். லுவார் ஓரத்து ரயில்களில் சைக்கிளை ஏற்றிக்கொள்ள வசதி இருக்கிறது.

வெலோசியோ எழுபது வயதைக் கடந்தும் சைக்கிளை விடவில்லை. 1930இல் ட்ராம் வண்டி மோதித்தான் இறந்தார், வயது 76. நோய் வந்து படுத்தவர் இல்லை. விதியை எழுதியதோடு நிற்காமல், அதன்படி வாழ்ந்தும் காட்டியவர்.

வீட்டில் இருக்கும்போது பசித்துப் புசியுங்கள். சைக்கிளில் இருக்கும்போது கடிகாரம் பார்த்துப் புசியுங்கள். லுவார் நதி எங்கேயும் ஓடிப்போய்விடாது, மெதுவாகவே போங்கள்!